பிரையன் போருவின் கொடிவழி: கென்னேதிக்குக்கு மேலே யார்?

ஜனவரி 9. வாசகர் ஒருவரின் கேள்வி

"அயர்லாந்து மன்னர் பிரையன் போருவின் வம்சாவளி ஆதாம் வரைக்கும் ஒரு தலைமுறைகூட விடாமல் எழுதப்பட்டிருக்கிறது. சுவடியே 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இவ்வளவு பழைய ஆவணம் கையில் இருக்கும்போது இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?"

ஜனவரி 9, இரவு

சுவடி பழையதுதான். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கும் 'ராலின்சன் பி 502' ஏறக்குறைய 1130-இல் எழுதப்பட்டது. 'லெய்ன்ஸ்டர் புத்தகம்' அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்தியது. ஆனால் சுவடிக்கு எத்தனை வயதோ அத்தனை வயது அதில் உள்ள செய்திக்கும் இருக்க வேண்டும் என்று இல்லை. பிரையன் இறந்தது 1014-இல். இந்தச் சுவடிகள் எழுதப்பட்ட காலத்தில் அவருடைய கொள்ளுப்பேரன்கள் நாடாண்டு முடித்து, அவர்களின் பிள்ளைகள் ஆண்டுகொண்டிருந்தார்கள். ஆட்சியில் இருக்கும் குடும்பத்தின் வம்சாவளியை அந்த ஆட்சி நடக்கும்போதே எழுதினால் அது எப்படி வரும்?

நான் இப்படித்தான் பிரித்துப் படிக்கிறேன். பிரையனின் தந்தை கென்னேதிக். அவர் 951-இல் இறந்ததை அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது; தாமண்ட் மன்னர் என்றும் குறிக்கிறது. தாமண்ட் என்றால் வட மன்ஸ்டர்; மன்ஸ்டர் அயர்லாந்தின் தென்பகுதி. இது வரைக்கும் காலடியில் பாறை. அவருக்கு மேலே லோர்கான். அதற்கு மேலே போகப் போகத் தரை இளகுகிறது. கடைசியில், பிள்ளைகள் ஸ்பெயினிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மீல், அதற்கும் மேலே யாப்பேத்து, நோவா, ஆதாம். பைபிளைப் படித்த துறவிகள் தங்கள் மக்களுக்கும் அந்தக் கதையில் ஓர் இடம் வேண்டும் என்று கட்டிய ஏணி அது. சுருக்கமாகச் சொன்னால் மேல்பாதி முழுப் பொய்.

ஜனவரி 10

எந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகச் சொல்லலாம். கொர்மாக் காஸ் என்ற பெயரில்.

மன்ஸ்டரின் அரசிருக்கை கேஷல் பாறை. சமவெளி நடுவே தனியாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்று. பல நூற்றாண்டுகளாக அது இயோகனாக்டா என்ற குலங்களின் கையில் இருந்தது. அவர்களுடைய மூதாதை இயோகன் மோர். அவருடைய தந்தை அய்லில் ஓலம். பிரையனின் குலத்தாருக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. அவர்கள் ஷானன் ஆற்றங்கரையில் இருந்த வடக்கு டேஷிகள். 'டேஷி' என்ற சொல்லுக்கே இன்னொருவருக்குக் கட்டுப்பட்ட குடி, திறை கொடுக்கும் குடி என்றுதான் பொருள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கேஷலில் உட்கார முடியாது.

அதனால் பெயர் மாறுகிறது. 934-ஆம் ஆண்டு மரணக் குறிப்பு ஒன்றில்தான் 'டால் காஷ்' என்ற பெயர் முதல் முறையாக ஆண்டுக்குறிப்புகளில் வருகிறது. டால் காஷ் என்றால் காஸின் வழியினர். பெயர் வந்ததும் கதையும் கூடவே வருகிறது: அய்லில் ஓலத்துக்கு இயோகன் தவிர கொர்மாக் காஸ் என்றும் ஒரு மகன் இருந்தார், கேஷல் ஆட்சி இரு மகன்களின் வழிக்கும் மாறி மாறிப் போக வேண்டும் என்று தந்தை சொல்லிவிட்டுப் போனார். அதாவது டால் காஷ் கேட்டது புது உரிமை இல்லை, பங்காளிகள் இத்தனை காலம் தராமல் வைத்திருந்த பாகம். பாகப்பிரிவினை வழக்கில் முதல் முறையாகப் புதிய பத்திரம் ஒன்று வந்து விழுவதைப் போல இருக்கிறது எனக்கு.

964 வாக்கில் பிரையனின் அண்ணன் மஹோன் கேஷலைப் பிடிக்கிறார். 976-இல் அவர் கொல்லப்படுகிறார். 978-இல் பிரையன் அந்தக் கொலையில் பங்குள்ள இயோகனாக்டா மன்னர் மேல்முவாவைப் போரில் கொன்று மன்ஸ்டரைத் தன் கைக்குள் கொண்டுவருகிறார். கேஷலைக் கொடுத்தது வாள். வம்சாவளி வந்து அதை நியாயப்படுத்தியது.

இன்னொன்று: பிரையனின் தாய் பே பின் கானாக்ட் பகுதியின் ஈ ப்ரூன் குலத்து மன்னரின் மகள். அந்தக் குலப்பெயரே பிரையன் பெயரால் வந்ததுதான்.

ஜனவரி 10, சிறிது நேரம் கழித்து

உச்சரிப்பு பற்றி இருவர் கேட்டார்கள். பழைய ஐரிஷ் எழுத்துக்கும் ஒலிக்கும் நிறைய தூரம். நான் லிமெரிக்கில் காதில் விழுகிறபடியும், சில இடங்களில் படிக்க எளிதாகவும் எழுதுகிறேன். பிரையனின் மகன் ஒருவர் பின்னால் வருவார்; டைக் என்று நான் எழுதும் அவர் பெயரை ஆங்கில நூல்களில் வேறு மாதிரி பார்த்தால் குழம்ப வேண்டாம்.

ஜனவரி 13

ஒரு பெரிய திருத்தம். மேலே கடைசிப் பத்தியில் நான் எழுதியது தவறு. ஈ ப்ரூன் குலத்தின் பெயருக்கும் பிரையன் போருவுக்கும் சம்பந்தமில்லை. அது ப்ரியோன் என்பவரின் வழி. அவர் ஒன்பது பணயக் கைதிகளின் நியால் என்று புகழ்பெற்ற நியாலின் அண்ணன் என்பார்கள். காலத்தால் பிரையனுக்குச் சுமார் ஐந்து நூற்றாண்டு முந்தியவர். பிரையனின் வழியினர் 'உவா பிரையன்', இன்றைய ஓபிரையன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் நான் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் தாளிலும் பல மாதமாக இதே தவறு இருந்திருக்கிறது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. தாய்வழிச் செய்தி மட்டும் சரி: பே பின் ஈ ப்ரூன் சோலா கிளையின் மன்னர் மகள்.

ஜனவரி 14

'முழுப் பொய்' என்று எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாளாக மனதை உறுத்துகிறது.

பொய் என்று தள்ளிவிட்டால் அந்தப் பட்டியல் நமக்குச் சொல்லக்கூடியதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். டால் காஷ் ஏன் கொர்மாக் காஸைப் பிடித்தார்கள்? ஏன் வேறு யாரையும் பிடிக்கவில்லை? 10-ஆம் நூற்றாண்டில் மன்ஸ்டரில் எந்த உரிமைக்கு மதிப்பு இருந்தது, யாரோடு உறவு சொன்னால் சபையில் காது கொடுப்பார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு ஒட்டில் தெரிகிறது. கொர்மாக் காஸ் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மூன்றாம் நூற்றாண்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பத்தாம் நூற்றாண்டைப் பற்றி நிறையச் சொல்லும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. 934-இல் இறந்ததாக வருகிறாரே டால் காஷ் மன்னர், ரெபகான், அவர் டூம்கிரேனி மடத்தின் தலைவரும்கூட. அவர் பிரையனின் கிளையே இல்லை. அவர் ஈ ஓங்குசா கிளை. பிரையனுடையது ஈ டர்லா கிளை. அதாவது பிரையன் பிறப்பதற்குச் சற்று முன்புவரை குலத்துக்குள்ளேயே தலைமை இன்னொரு வீட்டில் இருந்தது. மன்னர் வரிசையைத் தந்தை, மகன் என்று நேராகப் படிக்கும்போது அந்த வீடு கண்ணில் படாமல் போய்விடுகிறது. இயோகனாக்டாவிடமிருந்து கேஷலைப் பிடித்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள். சொந்தப் பங்காளி வீட்டிலிருந்து தலைமை எப்படி வந்தது என்ற கதை எங்கே?

ஜனவரி 19

இறங்கு வரிசைக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் பிடித்த பகுதி இது. பெயர்கள் கூடும், பொறுமையாகப் படியுங்கள்.

1014 ஏப்ரல் 23, புனித வெள்ளி, டப்ளின் அருகே குளொன்டார்ஃப். பிரையன் படை வென்றது, பிரையன் கொல்லப்பட்டார். கூடவே மூத்த மகன் முரகாவும் முரகாவின் மகன் டர்லாவும் விழுந்தார்கள். டர்லாவுக்கு வயது 15 என்கிறது பின்னால் எழுதப்பட்ட கதை. ஒரே நாளில் மூன்று தலைமுறை. மிஞ்சியது இரு மகன்கள்: டைக், டொனகா. வேறு வேறு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

1023-இல் டைக் கொல்லப்படுகிறார். ஏவியவர் தம்பி டொனகா. அதன் பிறகு டொனகா நாற்பது ஆண்டுகள் மன்ஸ்டரை ஆள்கிறார். கொடிவழி இனி டொனகா வழியாகத்தானே போக வேண்டும்? போகவில்லை. கொலையுண்ட டைக்குக்கு ஒரு மகன் இருந்தார், டர்லா. அவர் கானாக்ட், லெய்ன்ஸ்டர் மன்னர்களின் துணையோடு சித்தப்பாவை விடாமல் நெருக்கி 1063-இல் இறக்கிவிட்டார். டொனகா ரோம் நகருக்கு யாத்திரை போய் அங்கேயே 1064-இல் இறந்தார். பிறகு வந்த ஓபிரையன் மன்னர்கள் எல்லாரும் டைக்கின் வழி.

இந்த டர்லா 1086-இல் இறந்ததும் மூன்று மகன்களுக்கு மன்ஸ்டர் பிரிக்கப்படுகிறது. ஒரு மகன் ஒரு மாதத்துக்குள் இறக்கிறார். மீதி இருவரில் முர்கெர்டாக் தன் சகோதரன் டெர்மட்டை நாட்டை விட்டே துரத்துகிறார். முர்கெர்டாக் பெரிய மன்னர். 1101-இல் கேஷல் பாறையை அப்படியே திருச்சபைக்குத் தானமாகக் கொடுத்தவர். பக்தி இருந்திருக்கும், அதோடு இயோகனாக்டா மறுபடி அங்கே வந்து உட்கார முடியாதபடியும் ஆகிவிட்டது. 1119-இல் அவர் இறந்த பிறகு தாமண்ட் ஆட்சி எந்த வழிக்குப் போனது தெரியுமா? துரத்தப்பட்ட டெர்மட்டின் மகன்களுக்கு. முர்கெர்டாக்கின் வழியினர் கிளேர் பகுதியில் மக்மஹோன் என்ற வேறு பெயரில் ஒதுங்கிவிட்டார்கள்.

தாளில் பிரையன், டைக், டர்லா, டெர்மட் என்று நேர்கோடாக இறங்குகிறது. அந்தக் கோட்டில் இருக்கும் டைக் கொலையுண்டவர், டெர்மட் துரத்தப்பட்டவர். அவர்களை வென்றவர்களின் பெயர் ஓரத்தில் இருக்கிறது. முதல் முறை இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 20

மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற முறை அங்கே அப்போது இல்லையா என்ற கேள்விக்கு: இல்லை. ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழி வாரிசுகள் அடங்கிய வட்டத்துக்கு 'டெர்வினே' என்று பெயர். நம் தாயாதி என்ற சொல் ஏறக்குறைய பொருந்தும். சொத்துரிமைச் சட்டம் அந்த வட்டத்தை வைத்துத்தான். பட்டத்துக்கும் பொதுவாக அதே வட்டத்துக்குள் யார் வலியவரோ அவர். அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் எல்லாரும் போட்டியில் உண்டு. முன்கூட்டியே அடுத்தவர் என்று குறிக்கப்பட்டவர் 'டானிஷ்டே'. இன்றைக்கும் அயர்லாந்தின் துணைப் பிரதமருக்கு அதுதான் பதவிப் பெயர்.

அதனால்தான் இத்தனை கவனமாக வம்சாவளி எழுதினார்கள். யார் வட்டத்துக்குள், யார் வெளியே என்பது அதில் இருக்கிறது. எழுதுவதற்கென்றே பரம்பரைக் குடும்பங்கள் இருந்தன. ஓபிரையன்களுக்கு மக்ப்ரோடி குடும்பம். கடைசிப் பெரும் தொகுப்பை 1650-இல் கால்வே நகரில் டுவால்டக் மக்ஃபிர்பிஷி என்பவர் எழுதி முடித்தார். நாடே க்ராம்வெல் படைகளிடம் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகள். அந்த நேரத்தில் உட்கார்ந்து பழைய ஏடுகளிலிருந்து பெயர் பெயராகப் படியெடுத்திருக்கிறார். 1671-இல் ஸ்லைகோ பக்கத்தில் ஒருவன் அவரைக் கொன்றான். அவரை நினைக்காமல் என்னால் எந்த ஐரிஷ் கொடிவழியையும் படிக்க முடிவதில்லை.

ஜனவரி 21

'உவா' என்றால் பேரன். டைக்கின் மகன் டர்லா பிரையனுக்கு உண்மையிலேயே பேரன். அவரை உவா பிரையன் என்றது சொல்லின் நேர்பொருள். முர்கெர்டாக் கொள்ளுப்பேரன். ஆனாலும் உவா பிரையன்தான். அந்த இடத்தில் உறவுச்சொல் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஐரோப்பாவில் இவ்வளவு பழைய பரம்பரைக் குடும்பப் பெயர்கள் அதிகம் இல்லை.

கென்னடி என்ற பெயரும் இதோடு சேர்ந்ததா என்று கேட்டவருக்கு: ஆமாம், கென்னேதிக் என்ற பெயர்தான். ஆனால் பிரையனின் தந்தையிடமிருந்து நேராக வரவில்லை. பிரையனின் அண்ணன் டொன்குவானுக்கு ஒரு மகன், தாத்தா பெயரையே வைத்தார்கள். டிப்பரேரி பக்கத்து கென்னடிகள் அவருடைய வழி.

ஜனவரி 27

நேற்று மழை விட்டதும் கிளேர் பக்கம் போனேன். முதலில் க்வின் ஊருக்கு அருகே மாக் அதேர். டால் காஷ் மன்னர்கள் பட்டம் கட்டிக்கொண்ட மேடு. தட்டையான தலை, சுற்றிலும் அகழி, பக்கத்தில் ஒரு சிற்றோடை. அங்கே ஒரு புனித மரம் இருந்தது. 982-இல் அயர்லாந்தின் உயர்மன்னர் மாலக்கி படையோடு வந்து அந்த மரத்தை வேரோடு சாய்த்தார். ஆண்டுக்குறிப்புகள் மெனக்கெட்டுப் பதிந்த செய்தி இது. மேட்டில் தனியாக நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது: பிரையனின் குலத்தை அவமானப்படுத்த வந்தவர் மரத்தைக் குறிவைத்திருக்கிறார், ஏனென்றால் அந்தக் குலத்தின் உரிமை அந்த மரத்தடியில்தான் அறிவிக்கப்பட்டது. இதே மாலக்கிதான் 1002-இல் பிரையனிடம் பணிந்தார். 1014-க்குப் பிறகு மறுபடி உயர்மன்னரானார்.

பிறகு கில்லலூ. ஷானன் ஆறு ஏரியிலிருந்து வெளியேறும் இடம். பிரையனின் கின்கோரா அரண்மனை இங்கேதான் இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. ஊருக்குச் சற்று வடக்கே மரங்கள் சூழ்ந்த வட்ட மண்கோட்டை, பெயர் பேல் போரு. 'போரு' என்ற அடைமொழி இந்த இடத்தால் வந்ததா, அல்லது 'கால்நடைத் திறை' என்ற பொருளில் வந்ததா என்பது பழைய வாதம். நான் இடத்தின் பக்கம் சாய்கிறேன். ஈரக் காலணியோடு நின்று பார்த்ததால் வந்த சாய்வாகவும் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 2

மரபணுவை வைத்துத் தீர்த்துவிடலாமே என்கிறார்கள். ஓரளவுக்குத்தான். 2006-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் ஒரே ஒய் குரோமோசோம் வகையைக் கண்டு, அது நியாலின் வழியாக இருக்கலாம் என்றார்கள். செய்தித்தாள்கள் 'இருக்கலாம்' என்ற சொல்லை விட்டுவிட்டன. அந்தக் குறி நியால் காலத்துக்கும் முந்தியது என்று பின்னால் தெரிந்தது. டால் காஷ் பக்கம் எல்226 என்ற குறி ஓபிரையன் முதலிய கிளேர், டிப்பரேரி குடும்பப் பெயர்களில் நிறைய வருகிறது. இந்த ஆண்களில் பலருக்கு ஒரு பொது மூதாதை இருந்தார் என்று அது சொல்லும். அவர் பெயர் காஸ் என்று சொல்லாது. மரபணுவில் பெயர் எழுதியிருப்பதில்லை.

பிப்ரவரி 3

பிரையனின் வயது: அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பின்படி பிறப்பு 941, அப்படியானால் சாகும்போது 73. முர்கெர்டாக் காலத்தில் குடும்பப் பெருமைக்காக எழுதப்பட்ட போர்க்கதை 88 என்கிறது. நான் 73 என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பிரையன் காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு வரி வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1005-இல் அவர் அர்மா தேவாலயம் சென்று பீடத்தில் 20 அவுன்ஸ் பொன் வைத்தார். உடன் வந்த குரு மேல்சுஹன் அங்கிருந்த அர்மா புத்தகத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதில் பிரையனை 'ஐரிஷ் மக்களின் பேரரசர்' என்று லத்தீனில் அழைக்கிறார். பிரையன் பார்க்க எழுதப்பட்ட எழுத்து. டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. 'பிரையன் போருவின் யாழ்' என்று அதே கல்லூரியில் காட்டப்படுவது வேறு கதை. அது அவர் இறந்து குறைந்தது முன்னூறு ஆண்டுகளுக்குப் பின் செய்யப்பட்டது.

பிப்ரவரி 9

என் தாளில் பெண்களே இல்லை என்று மனைவி சொன்னாள். உண்மை. சுவடிகள் அப்படி, நானும் அப்படியே படியெடுத்திருக்கிறேன். சேர்த்துப் பார்த்ததும் படமே மாறுகிறது.

பிரையனின் அக்கா ஓர்லா தாராவின் உயர்மன்னர் டொனகா டொனுக்கு மனைவி. 941-இல் கணவரே அவளைக் கொன்றார். அவருடைய மகனோடு தொடர்பு என்று குற்றச்சாட்டு. கொடுமையான முடிவு. ஆனால் உயர்மன்னர் இந்த வீட்டில் பெண் எடுத்திருக்கிறார் என்றால், மஹோன் கேஷலைப் பிடிப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கென்னேதிக் சாதாரண ஆள் இல்லை. வம்சாவளியில் இல்லாத ஒரு பெண்ணின் மரணக் குறிப்பு, கொர்மாக் காஸ் கதையைவிட நல்ல சாட்சி.

பிறகு கோர்ம்லா. லெய்ன்ஸ்டர் மன்னர் மகள். முதலில் டப்ளினின் நோர்ஸ் (வைக்கிங்) மன்னர் ஓலாஃபுக்கு மனைவி, மகன் சிட்ரிக். பிறகு பிரையனுக்கு மனைவி, மகன் டொனகா. சிட்ரிக் பிரையனின் மகள் ஸ்லோனியை மணந்தார். குளொன்டார்ஃபில் பிரையனுக்கு எதிரே நின்றவர்கள் யார்? மருமகன் சிட்ரிக்கின் டப்ளின், கோர்ம்லாவின் சகோதரர் மேல்மோராவின் லெய்ன்ஸ்டர். 'ஐரிஷ் மக்கள் வைக்கிங்குகளை விரட்டிய போர்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பெண்களின் பெயரைச் சேர்த்த தாளில் அது சம்பந்தி வீட்டுச் சண்டை.

பிப்ரவரி 16

கடைசியில் என்ன ஆனது என்று கேட்டவருக்கு. 1543-இல் முரோ ஓபிரையன் தன் நாட்டை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியிடம் ஒப்படைத்து, தாமண்ட் ஏர்ல், இஞ்சிக்வின் பாரன் என்ற ஆங்கிலப் பிரபுப் பட்டங்களோடு திரும்பப் பெற்றார். டெர்வினே முறை அங்கே முறிகிறது. ஆனாலும் உடனே இல்லை: ஏர்ல் பட்டம் முரோவுக்குப் பின் அண்ணன் மகன் டொனோவுக்கு, பாரன் பட்டம் சொந்த மகன் வழிக்கு என்று எழுதிக்கொண்டார்கள். பழைய டானிஷ்டே முறையையும் புதிய மூத்த மகன் முறையையும் ஒரே பத்திரத்தில் கட்டியிருக்கிறார்கள்.

1647-இல் அதே இஞ்சிக்வின் வழியில் வந்த இன்னொரு முரோ ஆங்கில நாடாளுமன்றத்தின் படையோடு கேஷல் பாறையைத் தாக்கினார். உள்ளே அடைக்கலம் புகுந்த மக்கள் தேவாலயத்திலேயே வெட்டப்பட்டார்கள். 'தீ வைக்கும் முரோ' என்று ஊர் பெயர் வைத்தது. கேஷலுக்காகக் கொர்மாக் காஸைத் தேடிப்பிடித்த குலம். அதைத் திருச்சபைக்குக் கொடுத்த குலம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

1855-இல் மூத்த கிளை அற்றுப்போய், டிரோமோலண்ட் கிளையின் லூஷியஸ் ஓபிரையன் பாரன் பட்டத்தைக் கோரினார். லண்டன் பிரபுக்கள் அவையில் வம்சாவளியை நிரூபித்து 1862-இல் உறுதி செய்துகொண்டார். அங்கே நிரூபிக்க வேண்டியிருந்தது 1543 முதல் கீழே. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 17

தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். கென்னேதிக்குக்குக் கீழே மையில் கோடு. அதற்கு மேலே போகும் பெயர்களுக்குப் புள்ளிக்கோடு. ஈ ஓங்குசா வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு கட்டம், ரெபகான் 934. ஓர்லாவுக்கும் கோர்ம்லாவுக்கும் சிவப்பு. லோர்கான் மட்டும் இடிக்கிறார். தந்தை பெயராகக் கென்னேதிக்கின் மரணக் குறிப்பிலேயே அவர் இருக்கிறார், அதனால் புள்ளியில் வைக்க மனம் வரவில்லை. மையில் எழுதக் கையும் வரவில்லை. இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.